தன்மேற் சோதித்த தகைமையாளர்

புதுச்சேரி நகரின் வடமேற்கே, திண்டிவனம் செல்லும் சாலையில், கோரிமேடு என்னும் பகுதியில் பெரியதொரு மருத்துவ நிலையம் அமைந்துள்ளது. மக்கள் அதனை ஜிப்மர் என்று சுருக்கமாக வழங்குவர். பிரெஞ்சுக்காரர் 1823ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதற்கு வித்தாகும். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டு இந்தியாவுடன் இணைந்த பின்னர், அவ்வித்து 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகத் தளிர்த்தது. 1964இல் ஜவகர்லால் நேருவின் பெயர் தாங்கிய பட்டமேற்படிப்பு ஆராய்ச்சி நிலையமாகக் கிளைத்தது. கடலூர், விழுப்புரம் முதலிய அண்டை மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் நாள்தோறும் அதனை நாடி வருகின்றனர்.

இத்தகைய நிலையங்கள் ஆற்றும் பணிகள் மூன்று. நோய் தீர்த்தல் ஒன்று. மருத்துவம் கற்பித்தல் மற்றொன்று. புதிய மருந்துகளின் பயனை ஆராய்ந்தறிதல் மூன்றாவது. முதலிரண்டும் யாவரும் அறிந்தவை. மூன்றாவதைப் பற்றி அறிந்தோர் சிலரே. புதிய மருந்து ஒன்றை ஆராயத் தொடங்குமுன், மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் வந்து, ஆய்வின் நோக்கத்தை அவர்தம் தாய்மொழியில் எடுத்துரைத்து, உடன்பாடாயின் கையெழுத்திடுமாறு ஒரு தாளை நீட்டுவார். அத்தாளைக் கண்டதும் நோயாளியின் உள்ளம் சிறிது நடுங்கும். எலிக்கும் முயலுக்கும் செய்யும் சோதனையை நமக்குச் செய்கின்றனரோ என்னும் ஐயம் எழும். அவ்வையம் இயற்கையே. எனினும், ஆராய்ந்து பாராத மருந்தை உண்பது அதனினும் பெரிய அச்சத்திற்குரியது அன்றோ? மருந்து மெய்யாகவே நோயைத் தீர்த்ததா, அன்றித் தானே தீரும் நோய் தீர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை காண, நம் நாட்டிற்கு வந்து, முதலில் தம் உடலையே சோதனைக்களமாக்கிய அறிஞர் ஒருவர் உளர். அவர்தாம் வால்டெமார் ஹாஃப்கின் என்பவர். அவர்தம் வரலாற்றை அறிவோர் மருந்தாய்வின் பொருளையும் அறிவர்.

இளமையும் இன்னலும்

கருங்கடலின் கரையில் உள்ள ஒடெசா என்னும் துறைமுக நகரில் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் ஹாஃப்கின் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. அவர் பிறந்தது யூதக் குடும்பம். யூதர்கள் அப்பேரரசில் பல கொடுமைகளுக்கு உள்ளாயினர். அவர்தம் வீடுகளும் கடைகளும் கலகக்காரரால் சூறையாடப்பட்டன. இளைஞர் ஹாஃப்கின் தம் மக்களைக் காக்க அமைந்த குழுவில் சேர்ந்தார், காயமுற்றார், சிறைப்பட்டார். அவர்தம் ஆசிரியராகிய மெச்னிக்கோவ் என்னும் அறிஞர் முயன்று அவரை விடுவித்தார்.

ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் ஹாஃப்கின் பயின்றது விலங்கியல் ஆகும். மருத்துவப் பட்டம் அவர் பெற்றிலர். இக்குறையைப் பிற்காலத்தில் அவர்தம் பகைவர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. கல்வியில் மேம்பட்டு விளங்கியும், தம் சமயத்தைக் கைவிட உடன்படாமையால் பேராசிரியப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பதவியைவிடக் கொள்கை பெரிது எனக் கருதிய அவர், 1888இல் தாயகத்தை நீங்கிச் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடைந்தார்.

பாரிசில் பிறந்த மருந்து

அக்காலத்தில் பாரிசு நகரில் லூயி பாஸ்டரின் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட அம்மேதையின் புகழ் உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. மெச்னிக்கோவும் அங்கே பணியாற்றி வந்தார். ஹாஃப்கின் 1889இல் அங்குச் சென்றபோது நூலகத்தில் ஒரு சிறு பணியே கிடைத்தது. அதனை இழிவாகக் கருதாமல் ஏற்றார். ஓய்வு நேரம் முழுவதையும் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார்.

அந்நாளில் உலகை நடுங்கச் செய்த நோய்களுள் ஒன்று வாந்திபேதி எனப்படும் காலரா. காலையில் நலமாயிருந்தவர் மாலையில் பிணமாவர். அதனை விளைக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞராகிய இராபர்ட்டு காக் கண்டறிந்திருந்தார்; ஆயின், அதனைத் தடுக்கும் வழி தெரியவில்லை. நோய்க்கிருமியை வலிமை குன்றச் செய்து சிறிதளவு உடலிற் செலுத்தினால், உடல் அதனை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பின்னர் மெய்யான நோய் வரும்போது அதனை வெல்லும். இதுவே தடுப்பூசியின் அடிப்படை. ஹாஃப்கின் இம்முறையில் காலராத் தடுப்பு மருந்து ஒன்றை ஆக்கினார். கினிப்பன்றி என்னும் சிறு விலங்குகளிடத்தும் முயல்களிடத்தும் அதனைச் சோதித்துப் பயன் கண்டார்.

விலங்குக்கு நன்மை தருவது மனிதனுக்குத் தீங்காகவும் கூடும். ஆதலின் யாரேனும் ஒரு மனிதர் முதலில் அம்மருந்தை ஏற்றாக வேண்டும். அவர் யார்? ஏழை ஒருவரைப் பொருள் கொடுத்து ஏற்கச் செய்யலாம். அறியாதவர் ஒருவரை ஏமாற்றியும் செய்யலாம். ஹாஃப்கின் அவ்வழிகளை நினைத்தும் பார்க்கவில்லை. 1892ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் தம் உடலிலேயே அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் தோன்றிச் சில நாள்களில் நீங்கின. அதன் பின்னரே, நண்பர்கள் மூவர் தாமே முன்வந்து ஏற்றனர். மருந்து உடலுக்கு ஊறு செய்யாது என்பது தெளிவாயிற்று.

கல்கத்தாக் குடிசைகளில்

ஊறு செய்யாது என்பது வேறு; நோயைத் தடுக்கும் என்பது வேறு. முன்னதை நால்வரிடம் சோதித்து ஓரளவு அறியலாம். பின்னதை அறியவேண்டுமாயின் நோய் உலவும் இடத்திற்கே செல்ல வேண்டும். இந்தியாவின் ஆட்சித் தலைவராக முன்னர் இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்தார். அவர் பரிந்துரை செய்ய, ஹாஃப்கின் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு மாலையும் வரவேற்பும் காத்திருக்கவில்லை. வேற்று நாட்டார் கொண்டுவந்த ஊசியை மக்கள் அஞ்சினர். மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஹாஃப்கின் சோர்ந்தார் அல்லர். வட இந்தியாவின் பல ஊர்களுக்கும் சென்று ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி குத்தினார். எனினும் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. ஊசி குத்திக்கொண்டோர் பல திசைகளில் பிரிந்து சென்றனர். சில ஊர்களில் நோயே தலைகாட்டவில்லை. நோய் வராத ஊரில் ஊசியின் பயனை எவ்வாறு அளப்பது?

1894ஆம் ஆண்டின் மார்ச்சுத் திங்களில் அதற்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது. கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் காலரா தோன்றியது. ஒரே குளத்து நீரைப் பருகி, நெருங்கிய குடிசைகளில் வாழ்ந்த மக்கள் அவர்கள். நகரின் சுகாதார அதிகாரியாகிய சிம்சன் ஹாஃப்கினுக்குச் செய்தி அனுப்பினார். ஹாஃப்கின் இந்திய மருத்துவர்களுடன் அங்கு விரைந்தார். சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத்தர் ஆகிய அம்மருத்துவர்கள் மக்கள் பேசும் மொழியில் ஊசியின் தன்மையை விளக்கினர். மக்கள் தயங்கியதைக் கண்ட ஹாஃப்கின், அவர்கள் காணத் தம் உடலிலேயே ஊசி குத்திக்கொண்டார். தயக்கம் தளர்ந்தது. ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் முன்வந்து ஊசி ஏற்றனர்.

பின்னர் அப்பகுதியில் மேலும் 10 பேரைக் காலரா பற்றியது. அவர்களுள் 7 பேர் இறந்தனர். அப்பதின்மரும் ஊசி குத்திக்கொள்ளாதவர்களே. நீரும் ஒன்று; நிலமும் ஒன்று; வாழ்வும் ஒன்று; வேறுபாடு ஊசி ஒன்றே. இங்ஙனம், ஏனைய யாவும் ஒத்திருக்க ஒன்று மட்டும் வேறுபடுமாறு இரு சாராரை ஒப்பிட்டுக் காண்பதே மருந்தாய்வின் உயிர்நிலை ஆகும்.

பம்பாயில் பிளேக்கு

ஓய்வின்றி உழைத்த ஹாஃப்கினை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. 1895இல் ஐரோப்பா சென்று, உடல் தேறி, 1896இல் மீண்டும் இந்தியா வந்தார். அவ்வாண்டில்தான் பம்பாய் நகரைப் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் வீடுகளைத் துறந்து ஊர்களுக்கு ஓடினர். நோய்க்கு மருந்து காணுமாறு அரசு ஹாஃப்கினை வேண்டியது.

கிராண்டு மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சிறியதோர் இடமே ஒதுக்கப்பட்டது. எழுத்தர் ஒருவரும் ஏவலர் மூவருமே துணை. அவ்விடத்தில் இரவு பகலாக உழைத்தார். இறைச்சிச் சாற்றில் பிளேக்குக் கிருமிகளை வளர்த்தார். அச்சாற்றின்மேல் நம் வீட்டு நெய்யைச் சிறிது மிதக்கவிட்டால், கிருமிகள் அதனைப் பற்றிக்கொண்டு விழுதுபோல் கீழ்நோக்கி வளர்வதைக் கண்டார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மக்களின் சமய உணர்வுக்கு ஒவ்வா என்பதை உணர்ந்து ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். வளர்ந்த கிருமிகளை வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார்.

1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள், முன்போலவே தம் உடலில் அம்மருந்தை முதலில் ஏற்றார். பிறருக்கு அளிக்கக் கருதிய அளவினும் மிகுதியாகவே செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் வருத்தின, அவர் பொறுத்துக்கொண்டார்.

அத்திங்களின் இறுதியில் பைக்குல்லாச் சிறைச்சாலையில் பிளேக்கு நுழைந்தது. சிறையாளருள் விரும்பியோர்க்கு ஊசி குத்தப்பட்டது. ஊசி ஏற்ற 147 பேரில் இருவர்க்கே நோய் கண்டது, ஒருவரும் இறந்திலர். ஏலாத 172 பேரில் 12 பேர்க்கு நோய் கண்டது. அவர்களுள் அறுவர் இறந்தனர். மருந்தின் பயன் வெளிப்பட்டது. ஆயினும் இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சிறையில் இருப்பவர் மறுக்கும் துணிவு பெற்றிருப்பரோ? அவர் கூறும் இசைவு முழு விருப்பத்தின்பாற்பட்டதோ? அந்நாளில் இவ்வினா பெரிதாக எழவில்லை. இந்நாளில் சிறையாளரிடத்து ஆய்வு செய்யத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதை உலகம் உணர்ந்துள்ளது.

உந்தேரா என்னும் சிற்றூர்

விரும்பி வந்தோர்க்கு மட்டும் ஊசி குத்தி ஒப்பிடுவதில் ஒரு குறை உண்டு. முன்வருவோர் இயல்பாகவே உடல்வலியும் விழிப்பும் உடையவராயிருக்கலாம். அவ்வாறாயின் அவர்களைக் காத்தது ஊசியா, அவர்தம் உடல்வலியா என்பது விளங்காது. இக்குறையை ஹாஃப்கின் நன்கு உணர்ந்தார்.

பரோடா நாட்டைச் சேர்ந்த உந்தேரா என்னும் சிற்றூரில் 1898ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிளேக்குப் பரவியது. ஹாஃப்கின் அவ்வூர் மக்களைக் குடும்பம் குடும்பமாக வரச்செய்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையச் சரிபாதியினர்க்கு ஊசி குத்தினார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து ஒரே அடுப்பில் உண்டவர்கள் இரு சாராராயினர்.

சில வாரங்களுக்குப் பின் அதிகாரிகளும் மருத்துவர்களும் ஊருக்குச் சென்று கணக்கெடுத்தனர். நோய் புகுந்த குடும்பங்கள் 28. அக்குடும்பங்களில் ஊசி ஏற்றவர் 71 பேர், அவர்களுள் எண்மர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். ஊசி ஏலாதவர் 64 பேர். அவர்களுள் 27 பேர் நோயுற்றனர். 26 பேர் இறந்தனர். ஊசி ஏற்றவர் மூவர் இறந்ததையும் ஹாஃப்கின் மறைக்கவில்லை. மருந்து முழுக் காவலன்று. ஆயினும் பெருங்காவல் என்பதை எண்கள் உணர்த்தின.

அவ்வெண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஊசி பெறாது மாண்ட இருபத்தறுவரும் ஒரு வீட்டின் தாயாகவோ தந்தையாகவோ மகவாகவோ இருந்தவர்களே. அவர்தம் மறைவே பிற்காலத்து இலட்சக்கணக்கானோர் வாழ்வுக்குச் சான்றாயிற்று. இக்காலத்து ஆய்வுகளில், ஒரு மருந்தின் நன்மை ஐயமின்றிப் புலப்படின், ஆய்வை இடையிலேயே நிறுத்தி அம்மருந்தை யாவர்க்கும் வழங்குமாறு கூறத் தனிக்குழுக்கள் உள்ளன. உந்தேராவில் அத்தகைய குழு இல்லை.

ஹாஃப்கின் புகழ் ஓங்கியது. விக்டோரியாப் பேரரசியார் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தார். ஆகாகான் தம் மாளிகை ஒன்றை ஆய்வுக்கு ஈந்ததோடு, தாமே ஊசி குத்திக்கொண்டு தம் மக்களுக்கு வழிகாட்டினார். 1899இல் பம்பாயின் பரேல் பகுதியில், ஆளுநர் முன்பு வாழ்ந்த மாளிகையிலேயே பிளேக்கு ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஹாஃப்கின் அதன் தலைவரானார்.

முல்கோவால் துயரம்

வளர்பிறைக்குப் பின் தேய்பிறை வருவதுபோல் அவர் வாழ்விலும் இருள் சூழ்ந்தது. 1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசி குத்தப்பட்டது. சில நாள்களில் அவர்களுள் 19 பேர் தனுர்வாதம் என்னும் இசிவு நோய் கண்டு மாண்டனர். உயிர் காக்க வந்த ஊசியே உயிரைப் பறித்ததோ என்று நாடு திகைத்தது.

அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. மருந்து செய்யப்பட்ட காலத்திலேயே பம்பாய் நிலையத்தில் மாசு புகுந்திருக்க வேண்டும் என்று அக்குழு கருதியது. ஹாஃப்கின் தலைமைப் பதவியை இழந்தார். 1904இல் மனம் நொந்து இந்தியாவை விட்டு அகன்றார். எவர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்தாரோ, அவர்தம் சாவுக்குத் தாமே காரணர் என்ற பழியைச் சுமந்தார். இதனினும் கொடிய துன்பம் ஓர் அறிஞனுக்கு உண்டோ?

ஹாஃப்கின் அழுது அமர்ந்துவிடவில்லை. ஆத்திரங்கொண்டு எவரையும் தூற்றவுமில்லை. விசாரணையின் ஏடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மருந்தை ஆராய்ந்த அதே முறையில் தம்மேற் சாட்டிய குற்றத்தையும் ஆராய்ந்தார். அன்று பல புட்டிகள் திறக்கப்பட்டன. இறந்த 19 பேரும் ஒரே புட்டியின் மருந்தை ஏற்றவர்கள். கிருமி அப்புட்டியில் முன்னரே புகுந்து வளர்ந்திருப்பின் மருந்து தீநாற்றம் எடுத்திருக்கும். திறந்த மருத்துவரோ நாற்றம் எதுவும் இல்லை என்றே கூறியிருந்தார். மேலும், புட்டியின் அடைப்பை எடுக்கும் இடுக்கி அன்று தரையில் விழுந்தது. உதவியாளர் அதனைத் தீயில் காட்டித் தூய்மை செய்யாமல் மருந்து நீரில் தோய்த்து மட்டும் பயன்படுத்தினார். தனுர்வாதக் கிருமி மண்ணில் வாழ்வது. ஆகவே மாசு புகுந்தது பம்பாயிலன்று. முல்கோவாலின் மண்ணிலேயே என்பது புலனாயிற்று.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவ்வநீதியைக் கண்டு வெகுண்டார். அவரும் ஏனைய அறிஞர் பலரும் கையெழுத்திட்ட கடிதம் 1907ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் டைம்சு இதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டுப் பழி நீங்கியது. ஆயினும் அவ்வைந்தாண்டுகளை அவருக்கு எவர் திருப்பித் தர வல்லார்?

இறுதிக் காலம்

ஹாஃப்கின் மீண்டும் கல்கத்தா வந்து ஆய்வுக்கூடம் ஒன்றின் தலைவராகப் பணியாற்றினார். எனினும் மக்களிடையே சென்று தடுப்பூசிகளைச் சோதிக்கும் வாய்ப்பு அவருக்கு மீண்டும் அளிக்கப்படவில்லை. 1914இல் இந்தியாவை விட்டு ஐரோப்பா சென்றார். அவர் மணம் புரிந்து கொள்ளவில்லை. இறுதியில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தனித்து வாழ்ந்து, 1930ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பம்பாய் நிலையம் 1925ஆம் ஆண்டில் ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. 1897 முதல் அவ்வாண்டுவரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக்குத் தடுப்பு மருந்து ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேர்க்குரிய அளவாகும். 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் வழியில் வளர்ந்த நெறி

ஹாஃப்கின் தொடங்கிய ஒப்பீட்டு முறையைப் பின்வந்தோர் மேலும் செம்மை செய்தனர். எவர்க்கு மருந்து, எவர்க்கு இல்லை என்பதை மருத்துவர் தாமே தெரிந்தெடுப்பின், அறியாமலேயே ஒருபுறம் சாய்தல் கூடும். ஆதலின் திருவுளச்சீட்டுப் போல் குலுக்கலால் பிரிக்கும் வழக்கம் தோன்றியது. இதற்கு நம் சென்னையே சிறந்த சான்று. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், 193 நோயாளரை இம்முறையில் இரு சாராராகப் பிரித்தது. ஒரு சாரார் நல்லுணவும் ஓய்வும் உடைய காசநோய் மருத்துவமனையில் தங்கினர். மறு சாரார் தம் எளிய வீடுகளிலேயே இருந்து மருந்து உண்டனர். வீட்டில் இருந்தோரும் மருத்துவமனையில் இருந்தோரைப் போலவே நலம் பெற்றனர். அவர்தம் குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, ஏழை நாடுகளில் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

இக்காலத்தில் ஒரு புதிய மருந்து படிப்படியாகவே மக்களை அடைகிறது. ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் சோதித்த பின்னர், முதற்படியில் சிலர்க்கு மட்டும் அளித்து அதன் தீங்கின்மையை அறிவர். இரண்டாம் படியில் நோயாளர் சிலர்க்கு அளித்துத் தக்க அளவை ஆராய்வர். மூன்றாம் படியில் பலர்க்கு அளித்து, வழக்கிலுள்ள மருந்தோடு ஒப்பிட்டுப் பயனை உறுதி செய்வர். மருந்து விற்பனைக்கு வந்த பின்னரும் கண்காணிப்பது நான்காம் படி.

மருந்தின் தகுதியைக் காப்பது இம்முறை எனின், மனிதரின் உரிமையைக் காக்கவும் முறைகள் உண்டு. ஒவ்வொரு ஆய்வையும் அறநெறிக் குழு ஒன்று முன்னரே ஆராய்ந்து இசைவு தரவேண்டும். அக்குழுவில் மருத்துவர் மட்டுமன்றிச் சட்டம் அறிந்தோரும் பொதுமக்களும் இடம்பெறுவர். தொடங்கவிருக்கும் மருந்தாய்வுகள் யாவும், முதல் நோயாளி சேருமுன்பே, 2007இல் ஏற்பட்ட தேசியப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2009 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. அப்பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். நல்ல முடிவை மட்டும் வெளியிட்டுத் தீய முடிவை மறைக்கும் வழியை அது அடைக்கிறது.

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட அத்தாளுக்கு வருவோம். அது நோயாளியைக் கட்டும் கயிறன்று. அவரைக் காக்கும் கவசமாகும். ஆய்வின் நோக்கம், காலம், எதிர்பார்க்கும் நன்மை, நேரக்கூடிய தீங்கு ஆகியவற்றை அவர்க்கு விளங்கும் மொழியில் அது கூறவேண்டும். வினாக்கள் கேட்க அவர்க்கு உரிமை உண்டு. மறுக்க உரிமை உண்டு. ஒப்பிய பின்னரும் இடையில் விலக உரிமை உண்டு. மறுத்தமையால் அவர் பெற்றுவரும் மருத்துவம் குறைதல் ஆகாது. ஆய்வினால் தீங்கு நேரின் மருத்துவமும் இழப்பீடும் பெற 2019ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன. படியாமல் இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. விளங்காமல் அசைக்கும் தலையும் ஒப்புதல் ஆகாது.

திருவள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் மருத்துவத்தின் உறுப்புகள் என வகுத்தார். நால்வகையுள் நோயாளியும் ஓர் உறுப்பாக எண்ணப்பட்டமை சிந்தித்தற்குரியது. அவர் மருந்தை வாங்கி உண்ணும் பொருளல்லர். மருத்துவத்தில் பங்கு கொள்ளும் துணைவர். மருந்தாய்வில் இவ்வுண்மை இன்னும் தெளிவாக விளங்குகிறது. இன்று நாம் நம்பி உண்ணும் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும், என்றோ எங்கோ தம் உடலைச் சான்றாக அளித்த பெயர் அறியா மனிதர் பலர் உளர்.

மாணவர்களே! கேட்டதையெல்லாம் நம்புதலும், எதனையும் நம்பாமல் அஞ்சி ஒதுங்குதலும் ஆகிய இரண்டும் அறியாமையே. ஒப்பிட்டு ஆராய்தல், முடிவு எதுவாயினும் மறையாது உரைத்தல், பிறர் இசைவின்றி அவர் உடலைத் தீண்டாமை ஆகிய மூன்றுமே மருந்தாய்வின் அறம். ஹாஃப்கின் ஊசியை முதலில் தம்மிடமே குத்திக்கொண்டார். பழி வந்தபோதும் சான்றையே துணையாகக் கொண்டார். நாளை உங்களுள் ஒருவர் மருத்துவராகி நோயாளியிடம் அத்தாளை நீட்டக்கூடும். மற்றொருவர் நோயாளியாக அதனைப் பெறக்கூடும். நீட்டும் கை நேர்மையுடையதாகவும், பெறும் கை அறிவுடையதாகவும் இருத்தல் வேண்டும். அதுவே ஹாஃப்கினுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.